ஜோதிலட்சுமி பெயரில் நிற்கும் ஜீப்

கருங்குழி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள பிரவினுக்கு,

நான் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். கூரியரில் கையெழுத்துப் போடவேண்டிய தாள் ஒன்று வரும் என்றுதான் அப்பா போனில் சொல்லியிருப்பார், அதோடு இத்தனை பக்கம் கடிதமும் இருப்பதைப் பார்த்து யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதே. இங்கே ஒன்றும் ஆகவில்லை. அப்பா சுகமாக இருக்கிறார், எனக்கும் குறையில்லை, போலந்துக் குளிரில் உனக்குச் சளி பிடிக்காமல் இருக்கவேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். அப்பாவைக் கட்டிக்கொண்டு நான் இந்த வீட்டுக்கு வந்து நாலு வருடம் ஆகிறது, உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. நீ பேசும்போது அப்பா போனை என்னிடம் கொடுப்பார், சாப்பிட்டாச்சா என்று கேட்பேன், ஆச்சு என்பாய், அதற்குமேல் வார்த்தை வராமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். உன்னைவிட ஏழு வயதுதான் மூத்தவள், நீ என்று சொல்வதா நீங்கள் என்று சொல்வதா என்று தெரியாமல் இரண்டும் வராதபடியே பேசிப் பழகிவிட்டேன். கடிதத்தில் அது முடியவில்லை. நீ என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அப்பாவுக்குச் சர்க்கரை போன மாதம் இருநூற்று நாற்பது இருந்தது, இப்போது நூற்று எழுபதுக்கு வந்திருக்கிறது. காலையில் நடக்கிறார், ஆனால் திரும்பி வரும்போது டீக்கடையில் நின்றுவிட்டு வருகிறார், சட்டைப்பையில் பிஸ்கட் தூள் இருப்பதை வைத்துக் கண்டுபிடித்தேன், நீ கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லாதே. உன் வேண்டா அத்தை மகள் வைஷாலிக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், பையனுக்குக் கல்பாக்கத்தில் வேலை, ஜாதகம் பொருந்தியிருக்கிறது. அப்பாவுக்கு இடது முழங்கால் வலிதான் இன்னும் விடவில்லை. ஜீப்பின் கிளட்சை மிதித்துவிட்டு இறங்கினால் அன்று முழுவதும் நொண்டுகிறார். அடுத்த மாதம் வண்டியின் தகுதிச் சான்று எஃப்சி வேறு முடிகிறது, பாஸ் ஆகவேண்டும் என்றால் பிரேக், டயர், அடித்தகடு எல்லாம் சேர்த்து அறுபதாயிரம் ஆகும் என்று மெக்கானிக் ஜோஷ்வா சொல்லிவிட்டார். கூவத்தூர் பக்கம் அப்பா குத்தகைக்கு எடுத்து வெட்டிய சவுக்குத் தோப்பெல்லாம் இப்போது பிளாட்டும் ரிசார்ட்டும் ஆகிவிட்டது உனக்கே தெரியும். மணலில் இறங்குகிற வண்டிக்கு இறங்க மணலே இல்லை. அதனால் வண்டியை விற்றுவிடலாம் என்று அப்பாதான் ஆரம்பித்தார். உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் வருவது எதுவும் உனக்குப் புரியாது.

அந்த வண்டியின் ஆர்சி புத்தகம் இன்னும் உன் அம்மா ஜோதிலட்சுமி பெயரில்தான் இருக்கிறது. அரசாங்க ஏலத்தில் அப்பா அதை எடுத்தபோது அவருக்கு வாகன ராசி இல்லை, மனைவி பெயரில் வாங்கினால்தான் ஓடும் என்று அச்சரப்பாக்கத்து ஜோசியர் சொன்னாராம். உன் அம்மா தவறிப்போய்ப் பத்து வருடம் ஆன பிறகும் அப்பா அதை மாற்றவில்லை. இன்சூரன்ஸ் வருடா வருடம் அதே பெயரில் புதுப்பிக்கிறோம், செங்கல்பட்டில் நான் வேலை பார்ப்பது விபத்து வண்டிகளுக்கு மதிப்புப் போடும் சர்வேயர் ஆபீஸ் என்பதால் அந்த வேலை என் தலையில்தான். அன்புள்ள ஜோதிலட்சுமி, உங்கள் பாலிசி புதுப்பிக்கப்பட்டது என்று என் போனுக்குத்தான் மெசேஜ் வரும். முதல் வருடம் அதை அழித்துவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன்னால் மினி லாரி வாங்கினோமே, அது யார் பெயரில் இருக்கிறது தெரியுமா, வேண்டா அத்தை பெயரில். மனைவி பெயரில் வாங்கினால் ஓடும் என்ற ஜோசியம் எனக்கு மட்டும் பொருந்தவில்லை. எனக்கு அந்த ராசி இருக்கிறதா என்று யாரும் கேட்கக்கூட இல்லை. பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார், தோடு வாங்கிக் கொடுத்தார், நானும் சிரித்துக்கொண்டு போட்டுக்கொண்டேன். லாரிக்கு மாலை போட்ட அன்று சமையலறையில் நின்று வெங்காயம் நறுக்கினேன், அழுதது யாருக்கும் தெரியவில்லை.

உன் அம்மாவைப் பற்றி நான் கேட்டதெல்லாம் அந்த ஜீப்பை வைத்துத்தான். தோப்பில் அப்பா காலில் கோடாலி பட்டு ரத்தம் கொட்டியபோது, அதுவரை தோப்புக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்த்தி மட்டும் பழகியிருந்த உன் அம்மா அவரைப் பின்னால் படுக்கவைத்து மணலைத் தாண்டி செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரை ஓட்டிக்கொண்டு போன கதையை இதுவரை பதினோரு தடவை கேட்டிருக்கிறேன். அத்தை சொன்னால் நாலு தையல், அப்பா சொன்னால் ஒன்பது. யார் சொன்னாலும் முடிக்கும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். அத்தை பார்வையோடு விடமாட்டார்கள். போன பொங்கலுக்கு எல்லோரும் இருக்கும்போதே, “இன்னாடி சங்கரி, பி.காம். படிச்சிகினு ஒரு ஸ்கூட்டி தள்ளத் தெரியல உனுக்கு. ஜோதி மூணாங்கிளாஸ் தாண்டல, ஸ்டேரிங் புடிச்சா லாரிக்காரன் ஒதுங்கி நிப்பான்” என்றார்கள். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் படி ஏறியவள் நான்தான், பொத்தேரியில் ரயில் இறங்கி மூன்று வருடம் போய்வந்தேன், என் அப்பா என் மார்க் ஷீட்டைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறார். இந்த வீட்டில் அது கணக்கிலேயே வராது. இருபது வருடத்துக்கு முன்னால் ஒருவர் ஜீப் ஓட்டியதுதான் வரும். அப்பா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வண்டியைக் கழுவி மஞ்சள் வைப்பார். உன் அம்மா குள்ளம் என்பதால் டிரைவர் சீட்டை முன்னால் தள்ளி வேறு ஓட்டை போட்டு முடுக்கியிருப்பார், கிளட்ச் பெடல்மேல் கால் எட்டுவதற்கு ஒரு வேலமரக் கட்டை வைத்துக் கம்பியால் கட்டியிருப்பார், நீ பார்த்திருப்பாய். ஆறடி ஆள், இத்தனை வருடமும் முட்டியை மடக்கிக்கொண்டு அப்படியே ஓட்டுகிறாரே தவிர சீட்டைப் பின்னால் தள்ளவில்லை. முழங்கால் வலி எப்படி வராமல் இருக்கும்?

போன மாதம் அப்பா என்னைக் கூப்பிட்டு, நீதானே ஆபீஸில் வண்டிக்கு மதிப்புப் போடுகிறாய், இதற்கும் ஒரு நியாயமான விலை போட்டுக் கொடு என்றார். அதற்கு முன்னால் இரண்டு பேர் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். செங்கல்பட்டு இரும்புக் கடைக்காரர் கிலோ கணக்கில் சொன்னார். மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட்டிலிருந்து வந்த ஆள் பானெட்டைக்கூடத் திறக்காமல் இரண்டு லட்சம் என்றார், மஞ்சள் பெயின்ட் அடித்து வாசலில் நிறுத்தினால் வருகிறவர்கள் போட்டோ எடுப்பார்களாம், எஞ்சின் இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதானாம். அப்பா அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நான் பத்து நாள் மதிய சாப்பாட்டு நேரத்தில் போனில் பழைய ஜீப் விளம்பரமெல்லாம் பார்த்தேன். எண்பத்தொன்பதாம் வருட மாடல், எஞ்சின் நம்பரும் சேஸ் நம்பரும் ஆர்சியோடு ஒத்துப்போகிறது, நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் லீவர் விழுகிறது, அடிச்சட்டத்தில் எங்கும் வெல்டிங் இல்லை. இப்படி வண்டி எஃப்சியோடு நாலு லட்சம் வரை போகிறது. எஃப்சி செலவைக் கழித்து, கடல்காற்றில் அரித்துப்போன இடதுபக்கத் தகட்டுக்கும் கழித்து மூன்று லட்சத்துப் பத்தாயிரம் என்று என் டைரியில் எழுதினேன். அதுதான் சரியான விலை. பிறகு கிலோமீட்டர் குறித்துக்கொள்ள டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன், நாலு வருடத்தில் முதல் தடவை. கால் சரியாக அந்தக் கட்டைமேல் போய் விழுந்தது. கொஞ்சம்கூட எட்டவேண்டியிருக்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. உள்ளே போய் ஆபீஸ் கணக்குப்படி ரப்பருக்குப் பாதி, இரும்புக்குப் பாதி, வயதுக்கு இவ்வளவு என்று தேய்மானம் போட்டு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்று வேறு தாளில் சுத்தமாக எழுதிக் கொடுத்தேன். இடித்த காருக்குப் போடும் கணக்கு அது. பழைய ஜீப்புக்கு வயது ஏறினால் விலையும் ஏறும் என்பது தெரிந்தேதான் போட்டேன். கட்டைக்கும் ஐந்நூறு ரூபாய் கழித்திருந்தேன், கழற்றும் கூலி என்று. ரிசார்ட் ஆளே இரண்டு லட்சம் சொன்னாரே என்றுகூட அப்பா கேட்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு புரோக்கர் தனகோடியைக் கூப்பிட்டு, சங்கரி போட்டிருக்கா, சரியாத்தான் இருக்கும் என்றார்.

இன்று காலை தனகோடி ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கூட்டிவந்தார். பார்த்திபன் என்று பெயர், பொத்தேரியில் ஃபிளாட், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, லீவு நாளில் மலை ஏற்றத்திலும் சேற்றிலும் ஜீப் ஓட்டுகிற கூட்டத்தில் இருக்கிறாராம். நல்ல பையன். காந்தம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துத் தகடு தகடாக ஒட்டிப் பார்த்தார், துருவைப் பட்டி போட்டு மறைத்திருந்தால் ஒட்டாதாம். அடியில் படுத்து நம்பரைத் துடைத்துப் படித்தார். தனகோடி விலையைச் சொன்னதும் அவர் முகம் ஒரு கணம் மாறியதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பேரமே பேசவில்லை, உடனே சரி என்றார். பேரம் பேசாமல் ஒருவர் பழைய வண்டி வாங்குகிறார் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அப்பா ஒன்றும் கவனிக்கவில்லை, வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுகூட நான் பேசவில்லை பிரவின். அந்தப் பெண் ஹரிப்ரியா, நல்ல உயரம், சாவியை வாங்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். அவள்தான் ஓட்டுவாளாம். முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது. சிரித்துக்கொண்டே, முதலில் இந்த சீட்டைப் பின்னால் தள்ளணும், இந்தக் கட்டையைக் கழற்றித் தூக்கிப் போட்டுடலாம் என்று காலால் ஒரு உதை விட்டாள். அவள் மேல் தப்பு இல்லை, அவளுக்கு என்ன தெரியும். அப்பா குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் நின்றார். எனக்கு எங்கிருந்து அப்படி எரிந்ததோ தெரியவில்லை. நான்கூட ஒரே ஒரு தடவைதான் உட்கார்ந்திருக்கிறேன், இவள் யார் வந்த பத்து நிமிஷத்தில் அங்கே உட்கார்ந்து சீட்டைத் தள்ள? வாசலுக்கு வந்து, அந்த விலை தப்பு, நான்தான் தப்பாகப் போட்டேன், மூன்று பத்துக்குக் குறைந்து தரமுடியாது என்றேன். ஆபீஸில் என் பக்கத்து நாற்காலிக்காரியிடம் பேசவே யோசிப்பவள், அத்தனை பேர் முன்னால் சத்தமாகச் சொன்னேன். தனகோடிக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னாமா இது, மொதல்ல ஒரு வெல, இப்ப ஒரு வெல. வண்டி வாசல்லதான நின்னுகினு கீது, அதுக்குள்ள வளந்துடுச்சா?” என்றார். அவர்கள் போய்விடுவார்கள் என்று ஆசையாகக் காத்திருந்தேன். ஆனால் பார்த்திபன், உண்மையைச் சொன்னால் அதுதான் சரியான விலை அக்கா, எனக்குச் சம்மதம் என்றுவிட்டார்.

முதல் விலையையும் பொறாமையில்தான் போட்டேன், இரண்டாவது விலையையும் பொறாமையில்தான் கத்தினேன். இரண்டாவது நியாயமாக அமைந்தது என் நல்ல குணத்தால் இல்லை என்று உனக்காவது தெரியவேண்டும். வண்டி உன் அம்மாவுடையது என்பதால் அதில் பாதி உனக்கு. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எண்பத்தைந்தாயிரம் உன் பங்கில் போயிருக்கும். அதற்காகவும் மன்னித்துக்கொள். பையன் கையெழுத்து வந்தால்தான் வியாபாரம், அதுவரை அட்வான்ஸ் வேண்டாம் என்று அப்பா அவர்களை அனுப்பிவிட்டார். எல்லோரும் போன பிறகு, ஏன் முதலில் அப்படிப் போட்டாய் என்று என்னைக் கேட்டார். பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவரே, “அந்த வண்டிய கண்டா உனுக்கு ஆவாதுன்னு எனக்குத் தெரியும் சங்கரி. அது போனாத்தான் நீ இந்த வூட்ல நிம்மதியா இருப்பன்னுதான் விக்கிறேன். வெலயும் நீயே போடட்டும்னு பாத்தேன்” என்றார். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். முழங்காலுக்காக இல்லை பார், எஃப்சிக்காகவும் இல்லை. இவரை ஒன்றும் தெரியாதவராக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. அவர் மனதில் எனக்கு என்ன இடம் என்று நாலு வருடமாகக் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன், அதற்குப் பதில் கிடைத்த நாளில் அந்த வண்டி வாசலைவிட்டுப் போகக்கூடாது என்று எனக்கே தோன்றிவிட்டது. அத்தையிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

உனக்கு நெல்லிக்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், வைஷாலி கல்யாணத்துக்கு நீ வரும்போது கொடுத்தனுப்புகிறேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, குக்கரில் ஒரு கைப்பிடி அரிசி வைத்தால் இருபது நிமிஷம்தான். காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நல்லபடியாக இருந்து, நினைத்தது எல்லாம் கைகூடி, மனதுக்குப் பிடித்த பெண்ணோடு நூறு வயது வாழவேண்டும், இதை நேரில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கும் என்பதால் இங்கேயே ஆசீர்வதித்துவிடுகிறேன். சம்மதத் தாளில் இரண்டு பக்கமும் கையெழுத்து வேண்டும், வார்சாவில் நம் தூதரகத்தில் முத்திரை வாங்கவேண்டும், அசல் தாளைத்தான் திருப்பி அனுப்பவேண்டும், போட்டோ எடுத்து அனுப்பினால் ஆர்டிஓ ஆபீஸில் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். மறந்துவிடாதே.

அந்தத் தாளைப் படித்துப் பார்த்தால், என் தாயார் ஜோதிலட்சுமி பெயரில் உள்ள வாகனத்தை இன்னார் பெயருக்கு மாற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று இருக்கும், இன்னார் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கும். பார்த்திபன் பெயரை நிரப்பச் சொல்லித்தான் அப்பா என்னிடம் கொடுத்தார். நிரப்பாமல் அனுப்புகிறேன். அப்பாவுக்கு இது தெரியாது, உன்னிடம் முதலில் கேட்பதுதான் முறை என்று தோன்றியது. என் சம்பளத்தில் மாதாமாதம் போட்ட பணம் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேங்கில் இருக்கிறது, உன் பங்கை ஒரே தடவையில் கொடுத்துவிடுவேன், அப்பா பங்கை அவரும் நானும் பேசிக்கொள்கிறோம், எஃப்சி செலவு என்னுடையது. செங்கல்பட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் நாளை முதல் பெண்களுக்குக் காலை ஆறரை மணி வகுப்பு இருக்கிறதாம், இன்றைக்கே போன் செய்து கேட்டுவிட்டேன். உனக்கு மனம் வரவில்லை என்றால் பார்த்திபன் பெயரை எழுதி அனுப்பிவிடு, நான் வருத்தப்பட்டாலும் உன்மேல் படமாட்டேன், இப்படி ஒரு கடிதம் வந்ததாகவே நீ காட்டிக்கொள்ள வேண்டாம். மனம் வந்தால் மட்டும், அவருக்குச் சொன்ன அதே விலைக்கு, ஒரு ரூபாய் குறைக்காமல், அந்த இடத்தில் உன் கையாலேயே என் பெயரை எழுது பிரவின்.

சங்கரி